கிரீடம் போட்ட அட்டை

டென்மார்க்கில், ஹேர்னிங் நகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் பயப்படுவதுதான் எனக்கு முழுநேரத் தொழில். முதியவர்களைப் பராமரித்தது மிச்ச நேரத்தில். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க நான் கொடுத்த விண்ணப்பம் அமைச்சில் கிடந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருடையதும் அப்படித்தான் கிடந்தது. ஏன் என்று கேட்டால் எங்கள் கோப்புகளை இன்னும் அடியில் தள்ளிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இல்லத்தின் பொறுப்பாளர் உயரமான ஒரு டேனிஷ் பெண்மணி. குரல் கடுமை, மனம் தங்கம். என் மனைவி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுக்கும் நாளில் தன் அலுவலகத்தை எனக்கு விட்டுவிட்டு, யாரும் உள்ளே வராதபடி வெளியே நிற்பார்.

ஒருநாள் அரசாங்க மருத்துவ அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்தார். அவர் குறை எழுதினால் பொறுப்பாளரின் பதவி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரியும் பொறுப்பாளரும் உள்ளே வந்ததும், ஊர்ப் பழக்கம், கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிழவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "இருந்து ஊட்டுங்கள்!" என்றார் பொறுப்பாளர், அதே கடுமையான குரலில். என் கால்கள் நடுங்கின.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொறுப்பாளரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பெண்மணி உங்களை மிரட்டுகிறாரா?"

என் நடுக்கத்தை அந்த மனுசியின் தலையில் கட்டப் போகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. இல்லை என்றேன். அதிகாரி நம்பவில்லை. பயந்தவன் வேறென்ன சொல்வான்? பேனையைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் பொறுப்பாளர் தப்புவார், என் கோப்பு என்னவாகும்?

"எனக்கு அவவில பயமில்லை," என்றேன் அரைகுறை டேனிஷில். "உங்களிலதான் பயம்."

"நான் என்ன செய்தேன்?"

அவர் சட்டையில் குத்தியிருந்த அரசாங்க அட்டையைக் காட்டினேன். "இந்தக் கிரீடம்தான் அமைச்சில இருந்து எனக்கு வாற கடிதத்திலயும் இருக்கு. இன்னும் முடிவில்லை, முடிவில்லை எண்டுதான் வருது. என்ர பிள்ளை என்னை மறந்துபோகப் போகுது."

"அது வேறு அலுவலகம்," என்றார் மெதுவாக. பிறகு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பொறுப்பாளரின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தமுறை மனைவி தொலைபேசி எடுத்தபோது நடந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"ஏனப்பா வாயைத் திறந்தனீங்கள்? இனி எங்களைக் கூப்பிடுவாங்களோ?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பொறுப்பாளர் எனக்காகக் காவல் நின்றார்.

"ஓம், கூப்பிடுவாங்கள்," என்றேன். ரிசீவர் நழுவாமல் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன்.