வெந்நீர் ரசிகை

ஓட்டலின் தரைக்குக் கீழே இருந்த சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ரோலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஈரமான படுக்கை விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் செலுத்தி, மறுபக்கம் மொடமொடவென்று வாங்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருத்தி அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தாள். இரைச்சலில் பேச வழியில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நாள் முழுக்க நிற்பார்கள். ஊர் பேர் விசாரிப்பதற்குள் ஆள் வேலையை விட்டுப் போயிருப்பாள்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துவைத்தார்கள், ஒட்டவில்லை, திரும்பி வந்துவிட்டாள். அப்பா அம்மா இருந்தவரை அவர்களோடு இருந்தாள். பிறகு தம்பி தன் வீட்டின் பின்னறையைக் காலி செய்து கொடுத்தான். யாரும் அவளை ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கென்று நாற்காலி உண்டு. ஆனால் தம்பியும் அவன் மனைவியும் பேசிக்கொள்ளும் விஷயங்கள் பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கும். நடுவில் நுழைந்து "யாரு?" "எப்போ?" என்று கேட்டால் அவர்கள் பொறுமையாக முதலிலிருந்து விளக்குவார்கள். அந்தப் பொறுமை அவளுக்குக் கூச்சமாக இருந்ததால் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு வியாழக்கிழமை இருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் போடுவாள். 'மெலிசான சுவர்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். அடுக்குமாடியில் ஒரு வயதான தம்பதி. பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் பையன் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்னும் அலறல் ராக் இசைப் பாடகன். பேசும்போது அவன் குரல் பஞ்சு மாதிரி இருக்கும். "ஆன்ட்டி, தொந்தரவா இருந்தா மன்னிச்சிக்கங்க" என்பான். பாட ஆரம்பித்தால் வாய்க்காலில் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு உறுமல். சுவருக்கு இந்தப் பக்கம் கிழவி பதறிப்போய், "ஐயோ பாவம், புள்ளைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, வெந்நீர் கொண்டு போங்க" என்பாள். கிழவர் முனகிக்கொண்டே பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவார். எல்லா வாரமும் எப்படியாவது அந்த வெந்நீர் வந்துவிடும். வருமென்று தெரிந்தும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, உடம்பு ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல... இவ சொன்னா. நீ ரூமுக்குள்ள தனியா சிரிக்கிறியாம்."

"ரேடியோடா."

"ரேடியோவா?" என்றான். அவன் முகத்தில் நிம்மதி. "அதைத்தான் நானும் சொன்னேன். இவ கேக்கல."

அடுத்த வியாழன் தம்பி மனைவியும் வந்து உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் ஏன் அண்ணி இப்படிக் கத்துறான்?" என்று கேட்டாள். இவள் விளக்கினாள். விளக்கி முடித்தபோது நிகழ்ச்சியும் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு தம்பி மனைவி வரவில்லை. இவளும் அழைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு ரசிகர் குழு கிடைத்தது. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தொடரில் வரும் ஏதாவது ஒன்றைப் பட்டப்பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். குழுவை நடத்தியவன் பெயர் மாடிப்படி. ஓட்டைக் குழாய் என்று ஒருவர், மூன்றாவது மணி என்று ஒருவர். இவள் வெந்நீர் என்று வைத்துக்கொண்டாள். அந்தப் பெயரை இத்தனை நாள் யாரும் எடுக்காமல் விட்டிருந்தார்கள் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

குழுவில் எல்லோரும் வசனங்களை எழுதுவார்கள், அடுத்தவர் பதில் வசனம் எழுத வேண்டும். மெட்டல் ஆட்கள் எங்கே கண்ணில் பட்டாலும் படம் எடுத்துப் போடுவார்கள். தேடிப் பார்த்தால் அவர்கள் எங்கும் இருந்தார்கள். ஷாம்பு விளம்பரத்தில் கறுப்புச் சட்டைக்காரன் தலையைச் சுழற்றினான். குழந்தைகளின் கார்ட்டூனில் ஒரு பேய் கிதார் வாசித்தது. சினிமாவில் பணக்காரரின் உருப்படாத மகன் அறைக் கதவில் மண்டை ஓடு ஒட்டியிருந்தான். எல்லா இடத்திலும் அவன் சிரிப்புக்குத்தான் வந்தான். அப்படி ஒருவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளையைத் தெருவில் பார்த்த மாதிரி இருக்கும். உடனே குழுவில் எழுதுவாள். "வெந்நீர் ரெடி" என்று பதில்கள் வந்து விழும். சலவைக்கூடத்தின் உணவு இடைவேளையில் அவள் போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, "அக்காவுக்கு யாரோ இருக்காங்க போல" என்று மற்ற பெண்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

ஒருநாள் மாடிப்படி ஒரு அறிவிப்பைப் போட்டான். ஊரில் நிஜமாகவே ஒரு மெட்டல் இசைக்குழு இருக்கிறதாம். ஞாயிறு மாலை, பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் கச்சேரி. எல்லோரும் போவோம், ஆளுக்கொரு பிளாஸ்க் கையில் இருக்கணும், அவன் உறுமினதும் தூக்கிக் காட்டணும் என்று எழுதியிருந்தான்.

அவள் கடைக்குப் போய்ப் புதிய பிளாஸ்க் வாங்கினாள். ஞாயிறன்று கிளம்பும் முன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். என்ன உடுத்துவது என்று வெகுநேரம் குழம்பி, கடைசியில் கருநீலத்தில் ஒன்றை எடுத்தாள்.

கிடங்கு வாசலில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்க்கோடு நின்றார்கள். எல்லோரும் அவள் வயதில் பாதிதான் இருப்பார்கள்.

"நீங்கதான் வெந்நீரா?" என்றான் மாடிப்படி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், நல்ல உயரம். "நான் உங்கள சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்."

"நானும் உங்கள கெழவன்னு நெனச்சேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தான் சொன்னதற்கு இத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

உள்ளே கூட்டம் அதிகமில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் அங்கங்கே தனித்தனியாக நின்றார்கள். மேடையில் நால்வர் ஏறினார்கள். பாடகனுக்கு முப்பத்தைந்து இருக்கும், முன்தலை வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. டிரம் வெடித்தது. தரை அதிர்ந்தது. சலவைக்கூடத்து அதிர்வு உள்ளங்காலில் பழகியிருந்ததால் அவளுக்கு அது புதிதாக இல்லை. பிறகு பாடகன் வாயைத் திறந்தான். ரேடியோவில் வந்தது பக்கத்து வீட்டு உறுமல். இது அவள் விலா எலும்புக்குள் இறங்கியது. ஒரு நொடி அவள் பிளாஸ்க்கை மறந்துபோனாள்.

"வெந்நீர்..." என்று மாடிப்படி கத்தினான். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. அவளும் தூக்கினாள், சிரித்தாள். பக்கத்தில் நின்ற கறுப்புச் சட்டைக்காரன் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றான். பாடகன் பாட்டை நிறுத்தவில்லை, பிளாஸ்க்குகளைப் பார்த்தான். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. மழை வரும் என்று தெரிந்தும் குடையில்லாமல் வந்தவனைப்போல இருந்தான். ஒவ்வொரு பாட்டிலும் மாடிப்படி கத்தினான். மூன்றாவது பாட்டிலேயே அவளுக்குக் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

இடைவேளையில் கழிவறையைத் தேடிப் பின்பக்கம் போனாள். இரும்புப் படிக்கட்டில் பாடகன் தனியாக உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்ததும் எழப் போனான்.

"உக்காருங்க தம்பி. நான் கத்த வரல."

அவன் உட்கார்ந்தான். கொஞ்சம் கழித்து, "அதுல நெசமாவே வெந்நீர் இருக்கா?" என்று கேட்டான். பேசும்போது குரல் சாதாரணமாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"இருக்கு. கொதிக்கவச்சு எடுத்துட்டு வந்தேன்."

"மத்தவங்க எல்லாம் காலி பிளாஸ்க்தான் கொண்டு வருவாங்க."

மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்தான். இன்னொரு தடவை நீட்டினான், ஊற்றினாள்.

"எப்பவும் இப்படி வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"அந்த ரேடியோ தொடர் வந்ததுலேர்ந்து. எங்க போனாலும் வர்றாங்க. வேல பாக்குற எடத்துல என் மேசையில ஒரு பிளாஸ்க் வச்சிருக்காங்க." அவன் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடி பொருத்தும் வேலையில் இருந்தான். "பரவாயில்ல, பழகிருச்சு. எங்கம்மாதான் பாவம். முன்னெல்லாம் எல்லாக் கச்சேரிக்கும் வருவாங்க. ஒண்ணும் புரியாது அவங்களுக்கு. முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு தடவ யாரோ அவங்ககிட்டயே போய், 'நீங்கதான் அந்த ஆன்ட்டியா, வெந்நீர் எங்க'ன்னு கேட்டுட்டாங்க. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வர்றதில்ல."

அவள் பிளாஸ்க்கைப் படியில் இறக்கி வைத்தாள். அந்தத் தொடரை எழுதியவள் அவளில்லை. ஆனால் அதைக் கேட்டு வியாழன்தோறும் சிரித்தவள். நாலு பேரோடு நிற்க ஒரு காரணம் கிடைத்ததென்று பிளாஸ்க்கைத் தூக்கியவள்.

"நானும் தூக்கினேன் தம்பி" என்றாள்.

"பாத்தேன்" என்றான். மூடியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறித் திருப்பிக் கொடுத்தான். "தொண்டைக்கு நல்லா இருந்துச்சு."

உள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான். அவள் வாசலுக்குப் போகாமல் பின்வழியாகவே வெளியேறி பஸ் பிடித்தாள்.

மறுநாள் உணவு இடைவேளையில், படிக்கட்டில் நடந்ததைக் குழுவில் எழுதினாள். அவளுக்கு வேகமாக எழுத வராது. எழுதி அழித்து, மீண்டும் எழுதி, அந்த அம்மாவைப் பற்றியும் எழுதி அனுப்பினாள். முதலில் சிரிக்கும் முகங்கள் வந்தன. வெந்நீர் கடைசியில் நிஜமாகவே வெந்நீர் கொடுத்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். அது அன்றைய பெரிய வேடிக்கையாகிவிட்டது.

இனி பிளாஸ்க் தூக்க வேண்டாமே என்று மறுபடி எழுதினாள்.

மாடிப்படி தனியாக அழைத்தான். "என்னக்கா, சீரியஸா எடுத்துக்கிட்டீங்களா? சும்மா தமாஷுக்குத்தானே."

"தமாஷுதான். ஆனா அந்த அம்மா வர்றதில்லையாம்ல."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? நாமளா அவங்ககிட்ட போய்க் கேட்டோம்?"

அவன் கெட்டவன் இல்லை. அடுத்த சந்திப்புக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்று சொல்லித்தான் போனை வைத்தான். அவள் சரி என்றாள், போகவில்லை. குழுவில் வசனங்கள் வந்துகொண்டிருந்தன. அவள் பதில் வசனம் எழுதுவதை நிறுத்தினாள். சில வாரங்கள் "வெந்நீர் ஆறிப்போச்சா?" என்று கேட்டார்கள். பிறகு வேறொருவர் அந்தப் பெயர் தனக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகினாள்.

தொடரை விடவில்லை. வியாழக்கிழமைக்கு வேறென்ன இருக்கிறது? கிழவரின் முனகலுக்கு இப்போதும் சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பையன் உறுமும்போது மட்டும் ஒலியைக் குறைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கூட்டினாள்.

சில மாதம் கழித்து அந்தக் கிடங்கில் மறுபடி கச்சேரி என்று சுவரொட்டி பார்த்தாள். கைப்பையைத் தவிர வேறெதுவும் எடுக்காமல் போனாள். கடைசி வரிசைச் சுவரோரமாக நின்றாள். கறுப்புச் சட்டைக்காரர்கள் முன்போலவே ஆளுக்கொரு இடத்தில் நின்று, யாரோடும் பேசாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நாற்காலி எதுவும் போட்டிருக்கவில்லை. பாட்டின் சொல் ஒன்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த உறுமல் நீண்டுகொண்டே போன ஓரிடத்தில், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஏதோ ஒன்றை வேறொருவன் தொண்டை கிழியச் சொல்கிறான் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் நன்றாக இழுத்து விட முடிந்தது. பாடகன் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அடையாளம் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. முடிந்ததும் போய்ப் பேசலாமா என்று யோசித்தாள். மேடை அருகே அவன் மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். போகவில்லை.

வீட்டில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எங்கண்ணி போயிருந்தீங்க?"

"ஒரு கச்சேரி."

"அட, சொல்லவே இல்லையே. என்ன கச்சேரி?"

அவள் யோசித்தாள். விளக்கப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"கொஞ்சம் சத்தமான பாட்டு" என்றாள்.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தம்பி மனைவி ஒரு போர்வையை எடுத்து உதறினாள். இவள் தானாகவே போய் அதன் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் மடித்து முடித்தார்கள். பிறகு அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.