மூன்றடி வழி

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் என் கை சுவிட்சைத் தவறான இடத்தில்தான் தேடுகிறது. மஸ்கட்டில் நான் இருந்த அறையில் கதவுக்கு இடப்பக்கம் சுவிட்ச். திருவட்டாறுக்கு அருகே நான் கட்டிய வீட்டில் அது வலப்பக்கம். கதவைத் திறந்ததும் இடது கை தானாக எழுந்து வெறும் சுவரைத் தடவும். அந்த இடத்தில் விரல் பட்டுப் பட்டு வெள்ளைச் சுவரில் லேசான அழுக்கு படிந்துவிட்டது. இந்த வீட்டின் ஒவ்வொரு சுவரையும் நான் முதலில் பார்த்தது தொலைபேசியில் வந்த படமாக. வரைபடம் எனக்கு மனப்பாடம். வீடுதான் பழகவில்லை.

பதினான்கு வருடம் ஒரு நாளிதழில் பக்கங்களை அமைத்தேன். அச்சை நிறுத்துகிறோம் என்று நிர்வாகம் ஒரு பிற்பகல் அறிவித்தது. இரண்டு பெட்டிகளோடு வந்துவிட்டேன். சாலையில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: "எப்பம் வந்த? எப்பம் போற?" முதலாவதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, காத்திருக்கும் நாட்களுக்கு வீட்டு வேலைகளைப் பட்டியலிட்டேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டேன். மோட்டார் அறைக்குக் கூரை மாற்றினேன். மனைவி ஷீபா பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் அவளும் மகளும் களியக்காவிளை பேருந்தைப் பிடிக்கப் போன பிறகு வீடு முழுவதும் என்னுடையது.

பட்டியலில் கடைசியாக இருந்தது பின்புற மதில். நீளமான மதிலில் மூன்றடி அகலத்துக்கு ஓர் இடைவெளி. கல் போதாமல் விட்டுப்போனது என்றே நினைத்தேன். நாளிதழ்ப் பக்கத்தில் வெற்றிடம் கண்டால் அதை நிரப்பாமல் விடாத கை என்னுடையது. ஷீபாவும் மகளும் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் கருங்கல் ஊருக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பார்க்கட்டும் என்று நானே ஆரம்பித்தேன். அடியில் கம்பி போட்டு கான்கிரீட், அதன்மேல் ஹாலோ பிளாக். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லையில் ஒரு கல் வைக்கும் முன் கொத்தனார் நூல் கட்டுவார். ஒரு முனையை இந்த வீட்டுக்காரர் பிடிக்க வேண்டும், மறுமுனையைப் பக்கத்து வீட்டுக்காரர். நேராக இருக்கிறது என்று இருவரும் சொன்ன பிறகே முதல் கல். என்னோடு கொத்தனார் இல்லை. மறுமுனையை அயனி மரத்தில் கட்டினேன்.

பக்கத்து வீட்டு ரோசம்மாள் அக்கா தன் கிணற்றடியில் நின்று பார்த்தார். அவருடைய கணவர் தாசையன் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடமாகப் படுக்கையில். வந்த வாரமே ஒரு பிஸ்கட் டின்னோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"மதிலா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமா அக்கா. இனி ரெண்டு வீட்டுக்கும் தொந்தரவு இல்லியே."

நான் சொன்னது தெரு நாய்களைப் பற்றி. அவர் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு "செரி மக்கா" என்று சொல்லி உள்ளே போனார். திரும்பி வந்து, பாதி எழும்பிய சுவருக்கு மேலாக ஒரு கிளாஸ் கட்டன் சாயா நீட்டினார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மஸ்கட்டில் எதிர் வீட்டில் ஓர் ஓமானி குடும்பம் இருந்தது. அவர்களுடைய தண்ணீர் பில் ஒருமுறை என் கதவுக்கு அடியில் கிடந்தது. அதைக் கொடுக்கப் போய் மணியை அழுத்தினேன். அந்த வீட்டுக்காரர் நான் வாய் திறப்பதற்குள் நெஞ்சில் கைவைத்து "ஆஸிஃப், ஆஸிஃப்" என்று மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் சத்தம் போடுவதைச் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார். இல்லை என்று விளக்கும் அளவுக்கு என்னிடம் அரபி இல்லை. மறுநாள் என் வாசலில் ஒரு தட்டு பேரீச்சம்பழம் இருந்தது. அதன்பின் பல மாதங்கள் அந்தப் பிள்ளைகள் என் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மொழி தெரியாத ஊரில் நடந்தது என்று அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் மொழி பேசும் ஊரில், என் வீட்டுப் பின்புறத்தில், அதையே நான் திருப்பிச் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு இரவு வந்தவர்கள் களைத்துப் படுத்துவிட்டார்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு ஷீபா என்னைத் தட்டி எழுப்பினாள். இரவுப்பணிக்காரனின் தூக்கம் என்னுடையது. விடுமுறைக்கு வந்த வருடங்களிலும் எட்டு மணிக்கு முன்னால் நான் எழுந்ததில்லை.

"அந்த வழியாத்தான் நாலு வருஷமா போறேன். காலத்த அஞ்சரைக்கு தாசையன் அண்ணனத் தூக்கி இருத்தணும். அக்கா ஒருத்தியால முடியாது."

"நீ சொல்லல்லியே."

"அங்க இருக்குத ஆளுட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?"

கல்யாணத்துக்குப் போன நாட்களுக்கு ரோசம்மாளின் தம்பியை வரச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். அவர் ஞாயிறு மதியமே கிளம்பிப் போயிருக்கிறார். திங்கள் காலை, என்னை எழுப்பும் முன், ஷீபா சாலை வழியாகச் சுற்றிப் போனபோது முன்கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "வேண்டாம் மக்கா, நான் பாத்துக்கிடுவேன்" என்று ரோசம்மாளின் குரல் மட்டும் வந்தது. விடாமல் தட்டிய பிறகு திறந்தார். தாசையன் தரையில் இருந்தார். கட்டிலிலிருந்து சரிந்தவரைத் தூக்க முடியாமல், தலைக்குக் கீழே துண்டு மடித்து வைத்துப் பாயை இழுத்துவிட்டு, அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். எங்களைக் கூப்பிடவில்லை. சுவர் கட்டி நான் சொன்ன 'தொந்தரவு' தங்களைத்தான் என்று அவர் புரிந்துகொண்டுவிட்டார்.

நாங்கள் இருவரும் போனோம். ஷீபா தோளைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன். ஒரு பக்கத்துக் கால் பிடிக்கு ஈடு கொடுக்கும், மறுபக்கத்துக் கால் ஈர மணல் மூட்டை போல் கனக்கும் என்று அன்று தெரிந்தது. கட்டிலில் சாய்ந்ததும் தாசையன் ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்தார். குழறும் நாக்கால் ஒவ்வொரு சொல்லாக, "ரிவர்ஸ் எடுக்க எடமில்லாம கெட்டிப்போட்டியே மக்கா" என்றார். ஷீபா சிரித்தாள். ரோசம்மாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அன்று மதியத்துக்குள் சுவரை இடித்தேன். மூன்று நாள் எழுப்பியதை இறக்க அரை நாள் போதுமாக இருந்தது. கம்பி போட்ட அடிக் கான்கிரீட் மட்டும் தரைக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்கு அசையாமல் நின்றது. ரோசம்மாளிடம் போய், நாயைத்தான் சொன்னேன் அக்கா என்றேன். செரி தம்பி என்றார். அந்தச் 'செரி'யும் முதலில் சொன்ன 'செரி' மாதிரியே இருந்தது. முன்பெல்லாம் விடியற்காலையில் கிணற்றடியிலிருந்து, ஷீபா, ஓடி வா மக்கா என்று கூப்பிடுவாராம். இப்போது கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே ஷீபா போனாள். கூடவே நானும் போனேன். அவர் எங்கள் பக்கம் வரும்போது அந்தக் கான்கிரீட் வரம்புக்கு முன்னால் நின்று, சேலையைச் சற்று உயர்த்தி, காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார். ஒருநாள் விரல் இடித்து ரத்தம் வந்தது. சேலை நுனியால் துடைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உளியும் சுத்தியலும் எடுத்து நான்கு நாள் அதைக் கொத்தித் தரைமட்டமாக்கினேன். மண் போட்டு மிதித்தேன். கோழிகள் வந்து கிளறின. பார்த்தால் அங்கே ஒன்று இருந்ததாகவே தெரியாது.

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. இனி எல்லோருடைய இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. கடிதம் வந்ததற்கு மறுநாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

"ஷீபா, ஓடி வா மக்கா. தம்பி எழும்பியாச்சா?"

வாய் கொப்புளிக்காமலே போனேன். தோளும் காலுமாகப் பிடித்துத் தாசையனைச் சாய்த்து உட்கார வைத்தோம். நான் ஷார்ஜா போன பிறகு கால் பக்கம் யார் என்று யாரும் கேட்கவில்லை. பழையபடி இரண்டு பெண்களும் பார்த்துக்கொள்வார்கள். நான் திரும்பி வந்து பின்வாசலில் நின்றேன். ரோசம்மாள் ஒரு பாத்திரத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கை மூடி எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். மதில் இருந்த இடம் வந்ததும் நின்றார். ஒரு கையால் சேலையை உயர்த்தி, ஒன்றுமில்லாத தரைக்கு மேல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டி வந்தார்.