செல்வமேரியின் ரேடியேட்டர்

காலையில் காரை எடுப்பதற்கு முன் செல்வமேரி குனிந்து, வண்டியின் மூக்குக்கு அடியில் தரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்து, கையை மோந்து பார்ப்பாள். மேலப்புதூரில் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், அவள் பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் மகள் அனிஷாவும் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கறுப்பாக ஒட்டினால் ஆயில். பச்சையாக ஒட்டி இனிப்பாக மணந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். வேறு மாதிரி மணந்தால் தெருநாய்.

கணவன் சவரிநாதன் இறந்தபோதே அந்தக் கார் பழையதுதான். "டிரைவர் போட்டு ஓட்டலாம் அண்ணி. பொம்பளை வாடகை வண்டி ஓட்டினா நல்லாவா இருக்கும்?" என்றான் கொழுந்தன் பிரிட்டோ. "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றாள் செல்வமேரி. பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களின் திட்டை வாங்கிக்கொண்டே வண்டி பழகினாள். டாக்ஸி ஸ்டாண்டில் வரிசையில் நிற்க இடம் தரவில்லை. அவளும் கெஞ்சவில்லை. மற்ற டிரைவர்கள் முகம் சுளிக்கிற சவாரிகளை எடுத்தாள்: வாந்தி எடுப்பவர்கள், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி வருகிறவர்கள், தூக்கி உட்காரவைக்க ஆள் தேவைப்படுகிறவர்கள். ஆஸ்பத்திரி சவாரி என்றால் மேரியக்கா என்று ஊருக்குள் பேராகிவிட்டது.

அந்த ஓட்டத்தில்தான் அனிஷா பி.காம். முடித்தாள். குடும்பத்தில் முதல் பட்டம். பட்டம் வந்தால் கூடவே தைரியமும் வரும் என்று நம்பியிருந்தாள். வரவில்லை. ஒவ்வொரு நேர்காணலிலும் எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் "ஆமா சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தெரியாததால் தலையாட்டினாளா, தெரிந்தும் வாய் வராததாலா என்று பஸ்ஸில் திரும்பும்போது தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை அவளும் வண்டியில் இருந்தாள். தில்லை நகரில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் யமுனா மாமியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மாமிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்க் கூட்டிவருவது செல்வமேரிதான்.

காவிரிப் பாலத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. செல்வமேரி ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரைத் திறந்துவிட்டாள்.

"என்னடி இது, சித்திரை மாசத்துல அனல் அடிக்கறது!" என்றாள் மாமி.

"வண்டிக்குக் காய்ச்சல் மாமி. வீடு போற வரைக்கும் நாம கொஞ்சம் பங்கு போட்டுக்குவோம்."

மாமி வீட்டு வாசலில் நின்றதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. மாமியின் அண்ணா சம்பத் வெளியே வந்து பார்த்துவிட்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக் பிச்சமுத்துவுக்கு போன் செய்தார்.

வண்டி ஆறும்வரை காத்திருந்து பிச்சமுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகக் குழகுழவென்று ஒரு சேறு. விரலில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஆயிலும் தண்ணியும் கலந்துபோச்சு. ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கேஸ்கெட் கிழிஞ்சிருக்கு. இன்ஜினை இறக்கணும். இந்த வயசு வண்டிக்கு அந்தச் செலவு பண்றதுக்கு எடைக்குப் போட்டுடலாங்கக்கா."

சம்பத் தலையசைத்தார். "பாவம், ரொம்ப நாள் உழைச்ச வண்டி. திங்கட்கிழமைலேர்ந்து நான் வேற கார் ஏற்பாடு பண்ணிக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே, மேரி."

அனிஷாவுக்குப் பிரிட்டோ சித்தப்பாவின் கடை ஞாபகம் வந்தது. வண்டி நின்றால் என் கடைக் கல்லாவில் வந்து உட்காருங்கள் என்று சித்தப்பா எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். யார் கையையும் எதிர்பார்க்காத அம்மா இனி அவர் சொல்கிற நேரத்துக்கு எழுந்து உட்கார வேண்டும். அதைவிட, அம்மா நின்ற விதம்தான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா அந்தச் சேற்றைத் தொட்டு மோந்து பார்த்த கையோடு, எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவள்போல் மாமியைப் பார்த்தாள்.

"வித்துடலாம்மா" என்று அனிஷாதான் மெல்லச் சொன்னாள்.

அது போதுமாக இருந்தது. செல்வமேரி நிமிர்ந்தாள்.

"ஏன் பிச்சமுத்து, இன்ஜின்ல ஆயில் பாக்கிற குச்சிய எடுத்துப் பாத்தியா?"

"எதுக்குக்கா? இதப் பாத்தாலே தெரியுதே."

"அது ஆயில் இல்ல. மஞ்சள்."

"மஞ்சளா?"

"மஞ்சள் தூள்யா. ஒழுகிச்சு, அடைக்கிறதுக்கு நான்தான் போட்டேன். லாரிக்காரன் போட்டா கைவைத்தியம், நான் போட்டா சிரிப்பா?"

பிச்சமுத்து சிரித்தேவிட்டார். "உப்பும் புளியும் போட்டிருந்தா குழம்பே ஆயிருக்குமேக்கா!"

சம்பத் சிரிக்கவில்லை. "எப்போ போட்டே?"

"போன வருஷம், குணசீலம் போயிட்டு வர வழியில."

"யமுனாவும் அன்னிக்கு இருந்தாளே. நடு வழியில மஞ்சள் ஏது?"

செல்வமேரி வாயெடுத்தாள். "எங்க வீட்டு மஞ்சள் சார். டேஷ்போர்டுல எப்பவும்..."

"பொய் சொல்லாதே" என்றாள் யமுனா மாமி. வாசற்படியில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "என் பையிலேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். நம்ம கோயில் தாயார் சந்நிதி மஞ்சள்."

சம்பத்தின் முகம் சிவந்துவிட்டது. "தாயார் பிரசாதத்தையா? ஒரு காருக்குள்ளயா? அதுவும்..." அதற்குமேல் செல்வமேரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லேன், அதுவும் யார் காருக்குள்ள? இருட்டிண்டு வரது, மழை வேற, எனக்கு மூச்சு வாங்கறது. வாய்க்கால்லேர்ந்து குடத்தைத் தூக்கிண்டு வந்து தண்ணி ஊத்தினவ இவ. பிரசாதம் பைக்குள்ள இருந்து என்ன பண்ணப்போறது? தாயார் என்னை ஆத்துல கொண்டுவந்து சேர்த்தா. உனக்கு அதுல என்ன குறைச்சல்?"

ஒரு வருஷமாக அம்மா இதை ஏன் மறைத்தாள் என்பது அனிஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டாண்டுக்காரர்களின் கேலிக்குப் பயந்து அல்ல. இந்த வாசலில் மாமிக்கு இந்தப் பேச்சு வரக்கூடாது என்றுதான்.

"சார், என்னைத் திட்டுறதுன்னா நாளைக்கு வந்து நிக்கிறேன், திட்டுங்க" என்றாள் செல்வமேரி. "இப்ப வண்டியப் பாக்கணும். பிச்சமுத்து, குச்சிய எடு."

குச்சியில் ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர்போல் வெளுத்திருக்கும். தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே வண்டியைக் கிளப்பினார்கள். கேஸ்கெட் கிழிந்திருந்தால் குமிழி குமிழியாகக் கொப்பளிக்க வேண்டும். கொப்பளிக்கவில்லை. பிச்சமுத்துவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கடையிலிருந்து கைப்பம்பை எடுத்துவந்து ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றடித்தார். அடிப்பக்கத்தில், பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில், உஸ் என்ற சத்தத்தோடு தண்ணீர் கசிந்தது.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்லக்கா" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அப்ப ரேடியேட்டரை மட்டும் இறக்கு. அதுக்குமேல ஒரு போல்ட்டைத் தொடக்கூடாது."

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு தாயும் மகளும் மாமி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாலக்கரையில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் போனில் விடுமுறை என்றார். அனிஷா அவர் வீட்டுக்கே போய் நின்றாள். "நாளைக்கு வாம்மா" என்றார் அவர். வழக்கமாக "ஆமா சார்" வருகிற இடம். "நாளைக்கு விடிகாலைல ஒருத்தங்களுக்கு டயாலிசிஸ் சார். இப்பவே திறங்க" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் சாவியை எடுத்தார்.

பிச்சமுத்து மின்விசிறியின் வயரைக் கழற்றி, மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் உருவி, பழைய ரேடியேட்டரை வெளியே தூக்கினார். அதன் மெல்லிய குழாய்களில் பாதிக்குமேல் மஞ்சள் காய்ந்து இறுகியிருந்தது. ஒழுகலை அடைத்த மஞ்சளே தண்ணீர் ஓடும் வழியையும் அடைத்திருந்தது. இன்ஜினுக்குள் ஹோஸ் பைப்பைக் கொடுத்து, வருகிற தண்ணீர் தெளியும்வரை கழுவினார்கள். புது ரேடியேட்டரைப் பொருத்தி, புதுக் கிளிப் போட்டு முறுக்கி, கூலன்ட் ஊற்றி, மூடாமல் ஓடவிட்டு, மேல் குழாயை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார்கள். விசிறி தானாகச் சுழன்று தானாக நின்றது.

சம்பத் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வரவில்லை. வேறு கார் ஏற்பாடு செய்யவும் இல்லை.

திங்கள் விடிகாலை பாலத்தைத் தாண்டும்போது முள் நடுவில் அசையாமல் நின்றது.

"மாமி, உங்களுக்கு ஒரு பொட்டலம் மஞ்சள் நான் தரணும்" என்றாள் செல்வமேரி.

"கடை மஞ்சள்னா வேண்டாம். தாயார் சந்நிதிலேர்ந்து வரணும்."

"அங்கதான் என்னை விடமாட்டாங்களே. இந்துக்கள் மட்டும்னு போர்டு மாட்டியிருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

விஷயம் தெரிந்து பிச்சமுத்து, தானே கோயிலுக்குப் போய் வாங்கித் தருவதாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "நான் பட்ட கடனை நீ ஏன்யா தீர்க்கிற?" என்று செல்வமேரி அவரை விரட்டிவிட்டாள். இன்னொருவர் கையால் வாங்கிக் கொடுக்கவும் மாட்டாள், கடனே இல்லை என்று சொல்லவும் மாட்டாள். மாமி வண்டியில் ஏறும்போதெல்லாம் "என் மஞ்சள் எங்கேடி?" என்று கேட்பாள்.

"தரேன் மாமி. எப்படின்னு கேக்காதீங்க, தரேன்" என்று சொல்லி செல்வமேரி கியரைப் போடுவாள். இன்னும் தரவில்லை.