சிங்க்கில் ஊற்றிய பஜ்ஜி எண்ணெய்

1. அடைப்பு

அடைப்பு எடுக்க நான் போனபோது பாப்பாத்தி வீட்டுச் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்க நாற்றத் தண்ணீர், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக எண்ணெய்க் கட்டி. அந்த அம்மாள் எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போகிறவர். மறுநாள் அவர் மகளுக்கு வளைகாப்பு. சடங்கு முடிந்ததும் சம்பந்தியம்மா பெண்ணைப் பிரசவத்துக்கு இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"இந்த நாத்தத்தப் பாத்தா, அந்தம்மா புள்ளையத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருமுங்க" என்றார். அழவில்லை. துடைப்பத்தால் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஏற்காட்டில் பிளம்பர் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டேன். இப்போது தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். தானாகக் கெட்ட குழாயை நான் அதிகம் பார்த்ததில்லை. கண்ணைவிட்டு மறைந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கும் மகாராசர்கள் கெடுத்த குழாய்தான் அதிகம்.

பாப்பாத்தி வீட்டுக்கு மேலே, மேட்டில் மோகன் வீடு. சேலத்திலிருந்து வந்து குடியேறியவர். பாத்ரூம் லைன் தனித்தனி. கிச்சன் லைன் மட்டும், இரண்டு வீடும் ஒரே சொத்தாக இருந்தபோது போட்டது, பொதுவாகவே இருந்தது. அடைப்புக் குத்தும் ராடு விட்டேன். கீழ் வீட்டுக் கழிவுத் தண்ணீர் விழும் சேம்பர் தொட்டியைத் தாண்டிய வளைவில் முட்டியது. இழுத்தால் சோப்புக்கட்டி மாதிரி கொழுப்பு, ஒரு பேசின் நிறைய.

மோகனைக் கூப்பிட்டேன். இறங்கி வரவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்தார்.

"பழைய எண்ணெய எங்கீங்க ஊத்துறீங்க?"

"சிங்க்லதானுங்க. கூடவே சுடுதண்ணி ஊத்திருவோம், கரைஞ்சு போயிருமுங்க. சேலத்துல காலங்காலமா அப்படித்தான்."

ஏற்காட்டுத் தைக் குளிரில் பாமாயில் பாக்கெட்டுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். இவர்களே அதை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் சட்டியில் ஊற்றுகிறார்கள். காலையில் உருக்கிய எண்ணெய் மாலையில் குளிர்ந்த குழாய்க்குள் உறையாமல் என்ன செய்யும்? இதற்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

"அது அவங்கூட்டு எண்ணெயா இருக்குமுங்க" என்றார் அடுத்து.

பாப்பாத்தி நிமிர்ந்தார். "இத்தன எண்ணெ வாங்க வக்கிருந்தா, நான் எதுக்குங்க பனியில காப்பி பறிக்கப் போறேன்?"

2. எண்ட் கேப்

சனிக்கிழமை வந்தால் மோகன் வீட்டில் சேலத்துச் சொந்தம் வந்து இறங்கிவிடும். அன்றும் வந்திருந்தது. பஜ்ஜி தின்னாவிட்டால் மலை கோபித்துக்கொள்ளும் போல. நான் ராடை வெளியே உருவக்கூட இல்லை, மேலே யாரோ சட்டியைக் கவிழ்த்தார்கள். கடலைமாவுத் துகளோடு எண்ணெய்த் தண்ணீர், துடைத்த தரையில் மறுபடி வந்து பரவியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாப்பாத்தி துடைப்பத்தைக் கீழே போட்டார். கொழுப்புப் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன். கூடத்தில் எல்லோரும் தின்றுகொண்டிருக்க, பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"ஏனுங்க, உங்க பொருளு எங்கூட்டுக்கு வந்துருச்சு. எடுத்து வெச்சுக்கங்க. நாளைக்கு விருந்துச் சோறு உங்கூட்லதான் ஆக்கோணும். எங்கூட்டு அடுப்படி நாறுது."

மோகன் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆக்கிக்கங்க அக்கா, மொதல்ல இத எடுங்க" என்றார். மோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வெளியே போய் அவர் சிங்க் பைப்பை அறுத்து, வாயை எண்ட் கேப் மூடி வைத்து அடைத்து ஒட்டினேன்.

"பாத்திரம் கழுவுற தண்ணி எங்கீங்க போகும்?" என்று ஓடி வந்தார்.

"வாளியில புடிச்சு உங்க ரோஜாவுக்கு ஊத்துங்க."

ரோஜா என்றால் அவருக்கு உயிர். வருகிற சொந்தத்தை எல்லாம் தோட்டத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்.

மறுநாள் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் மேல் வீட்டில் வெந்தன. கீழே மிச்ச அடைப்பையும் எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தோம். சம்பந்தியம்மா அடுப்படி வரை போய்ப் பார்த்தார். "உங்கம்மாகிட்ட நல்லபடியா இரு கண்ணு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பாப்பாத்தி அதன் பிறகுதான் அழுதார்.

3. ரோஜா

அடுத்த வாரம் லைனைப் பார்க்கப் போனேன். மோகன் மனைவி எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறிய எண்ணெய் மூடி போட்ட டப்பாவில் இருந்தது. நிறைந்ததும், டீசல் செய்யப் பழைய எண்ணெய் எடுக்கும் வண்டிக்குக் கொடுப்பார்களாம். அடியில் நின்ற கசடு மரத்தூளில் கலந்து குப்பைக்குப் போயிற்று. துடைத்த பேப்பரும் அதோடு.

"யாருங்க சொல்லிக் கொடுத்தா?"

"அவருதானுங்க. வாளித் தண்ணியில துளி எண்ணெ மெதந்தாலும் செடி பட்டுப் போயிரும்னு நொம்பக் கத்துறாருங்க."

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்காக வராத புத்தி பூச்செடிக்காக வந்துவிட்டது. எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதே என்று நான் வாய் வலிக்கச் சொன்ன வீடுகள் எத்தனையோ. ஒருவரும் கேட்டதில்லை. தம்பிகளே, சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஊற்றுகிறவர் வாசலுக்கே அது போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

கிளம்பும்போது மோகன் குழைந்தார். "இனி தப்பா ஊத்த மாட்டோமுங்க. அந்தக் கேப்ப எடுத்துரலாமுங்களா?"

"கீழ ஊட்ல தொட்டில் கட்டட்டும், அப்புறம் எடுக்கலாமுங்க" என்றேன்.