கோணல் கோடு

பங்களாதேஷ் சண்டை முடிந்த வருஷம். ஆவடி ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் நடுக்குவாதக்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர் ஒரே பெஞ்சில் காத்திருப்போம். அங்கேதான் ஒருவர் பழக்கமானார். ஒட்டிய கன்னம், சிரிக்க மறந்த முகம். தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளில் வெட்டுக்கோடு போட்டவர். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும்.

டாக்டர் அறை வாசலில் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே ஒரு கோடு கிழித்தால் மட்டும் அதைத் தாண்டி நடந்துவிடுவார். ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

"அண்ணாத்தே, ஒரு கோடு போடேன்," என்று அன்று சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

குனிந்து போட்டேன். என் கை ஆடியதில் கோடு நெளிந்தது. வெட்கமாக இருந்தது.

"கோணலா இருந்தா இன்னா? காலைல ஊட்ல கக்கூஸாண்ட நின்னுகினே இருந்தேன். கோடு போட ஆள் இல்ல. நின்ன எடத்துலயே நனைஞ்சிட்டேன்பா."

அவர் தாண்டி உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், சாக்பீஸ் என் பையில் இருந்தது. அடுத்த செவ்வாய் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனேன். அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. பெஞ்சில் யாருக்கும் அவர் வீடு தெரியாது.

இப்போது என் காலும் ஒட்டிக்கொள்கிறது. அவருடைய சாக்பீஸ் கையில்தான் இருக்கிறது. குனியத்தான் முடியவில்லை.