கன்னத்தில் வைத்த விரல்

பிறந்த மகன், கன்னத்தைப் பிடித்து மார்பில் வைக்கும்போதெல்லாம், தாய்ப்பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். எடை குறைகிறது என்று டாக்டர் சொன்னதும் மனைவி அழுதுவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன் நான், சும்மா இருப்பேனா? அவன் கன்னத்தில் விரல் வைத்து மார்பின் பக்கம் தள்ளினேன். அவனோ என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன்.

“பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கன்னத்துல எது பட்டாலும் அந்தப் பக்கம் திரும்புறான். விரல எடுங்க,” என்றாள் மனைவி.

நம்பாமல் மறு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். உடனே அவள் பக்கம் திரும்பினான். விரலை எடுத்தேன். மார்பு கன்னத்தில் பட்டதும் கவ்விக்கொண்டான். அவன் விழுங்கும் சத்தத்தை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்.