அக்கா துடைத்த ஃபவுல்

என் அக்காவுக்கு உத்தியோகம் வேர்வை துடைப்பது. சிரிக்காதீர்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. தொழில்முறை கூடைப்பந்து ஆட்டங்களில் கூடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். எவனாவது விழுந்தால் ஓடிப்போய்த் தரையைத் துடைத்துவிட்டு வருவாள். நான் மேசையில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை ஃபவுல் என்று குறிப்பவன். ஐந்தானால் ஆள் வெளியே. பரீட்சை எழுதித் தேறியவன் நான். ஆனால் ஃபவுல் பற்றி அவளுக்குத்தான் அதிகம் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"இதுல என்னடா கஷ்டம்? நிக்கிறவன் மேல ஓடி வந்து மோதினா, ஓடி வந்தவன் தப்பு. ஓடி வர்றவன் வழியில கடைசி நேரத்துல போய் நின்னா, நின்னவன் தப்பு. வாய் நீண்டா டெக்னிகல் ஃபவுல். உன் பொண்டாட்டி உனக்கு தினமும் குடுக்கிறாளே, அது."

"சரி, நடிச்சு விழுறவனை எப்படிக் கண்டுபிடிப்ப?"

"நிஜமா இடி வாங்கினவன் சறுக்கிட்டே போவான். ஈரம் நீளமா இழுத்திருக்கும். நடிக்கிறவன் அலுங்காம உட்காருவான். ஈரம் தட்டு மாதிரி வட்டமா இருக்கும்."

தெரிந்ததை மனசோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டாள். மூன்று ஆட்டங்களில் "நடிப்பு! ஈரம் வட்டமா இருக்கு பாருங்க!" என்று கத்தித் தொலைத்தாள். மீசைக்கார நடுவர் கடைசியில் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா, உங்களை இங்கேருந்து அனுப்பிடுவேம்மா." அக்காவுக்கு அந்த ஸ்டூல்தான் உயிர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள்.

வந்தது இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம், பாக்கி ஏழு விநாடி. எங்கள் ஊர் அணி நட்சத்திரத்தின் பட்டப்பெயர் குட்டை. ஆறடி இரண்டங்குலம்தான், பாவம், மற்றவர்கள் அதற்கும் மேலே. எதிரணி மலை ஒன்று, ஏற்கெனவே நாலு ஃபவுல் வாங்கியது, பந்தோடு பாய்ந்து வந்தது. "ஐயோ அம்மா!" என்று குட்டை விழுந்தான். விசில். மலைக்கு ஐந்தாவது! மேசையில் இருப்பவன் குதிக்கக் கூடாது. குதித்தேன்.

அக்கா எழுந்தாள். உதட்டை இறுக்கியதில் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாயைத் திறந்துடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன். திறக்கவில்லை. நீளத் துடைப்பானை ஓரமாக வைத்தாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். குந்தி உட்கார்ந்து, தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு வட்டம் ஒற்றினாள். வேறு எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று சுற்றிலும் தேடினாள். இல்லை.

ஃபவுலைக் குறிக்கச் சொல்ல என் மேசைக்கு வந்துகொண்டிருந்த அதே மீசைக்கார நடுவர் நின்றார். கைக்குட்டையைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார். குட்டை அவசரமாகக் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றையே திரும்பக் கட்டினான். தீர்ப்பு மாறியது. மலைக்கு ஒன்றுமில்லை, நடித்ததற்காகக் குட்டைக்கு டெக்னிகல். எதிரணிக்கு ஒரு இலவச வீச்சு. ஒரு புள்ளியில் தோற்றோம்.

எங்கள் மேலாளர் நடுவரிடம் பாய்ந்தார். "சார், இந்தம்மாவை உடனே வெளிய அனுப்புங்க!"

"என்னன்னு எழுதி அனுப்புறது? ஒரு வார்த்தை பேசலையே. தரையைத்தானே துடைச்சாங்க."

மேலாளர் போனதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன்க்கா, கொஞ்சம் நீளமா துடைச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காஞ்ச தரையை எதுக்குடா துடைக்கணும்?"